ஆலைக் கணினிக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டும்?

காலபோக அறுவடை தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலைகளின் வாசலில் உழவு இயந்திரப் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். நெல் தராசில் ஏறும், ஈரப்பதம் பார்ப்பார்கள், துண்டொன்று அச்சாகிக் கமக்காரர் கைக்கு வரும். அந்தத் துண்டின் நகல் ஒவ்வொன்றும் கிளவுடிலும், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளிலும், போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருளைச் செய்தவர்கள் அறிவியல் நகரில் பொறியியல் படித்து முடித்த நாலைந்து பேர். அமேசானின் கிளவுடில் ஒருவர் தன் மின்னஞ்சலையும் வங்கி அட்டையையும் கொடுத்துக் கணக்குத் திறந்தார். கடவுச்சொல் வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் போனது. ஆலையில் இருக்கும் பழைய கணினிக்கும் அதே கணக்கின் சாவிதான்.

சிறு குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. வேலையும் நடக்கும். ஆனால் துண்டு ஏற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லாத அந்தக் கணினியால் நினைத்தால் முழுக் கணக்கையுமே துடைத்துவிடலாம். அப்படி யாராவது செய்தாலும், ஐந்து பேரில் யார் என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பெயரில்தான் கிடக்கும்.

கணக்கைத் திறக்கும்போது உருவாகும் அந்த முதல் பயனருக்கு ரூட் பயனர் என்று பெயர். பயனர்களுக்கு நாம் எழுதும் அனுமதி ஆவணம் எதுவும் ரூட்டைக் கட்டுப்படுத்தாது. கணக்கை மூடுவது போன்ற சில வேலைகளை ரூட் மட்டுமே செய்யலாம். அதனால் அதை அன்றாட வேலைக்கு எடுக்கவே கூடாது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுத் தளத்துக்குள் ஒருவர் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினார். நிறுவனம் மீட்கப் பார்த்தபோது தரவையும் காப்பு நகல்களையும் பெரும்பகுதி அழித்துவிட்டார். நிறுவனம் அத்தோடு மூடப்பட்டது. காப்பு நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அதிகாரம் போதுமென்றால் அது காப்பு நகலே அல்ல என்பது என் அபிப்பிராயம்.

2024 முதல் ரூட் பயனருக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அமேசான் கட்டாயமாக்கத் தொடங்கியது. கைத்தொலைபேசிச் செயலியில் முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கங்கள்தான் இதில் பரவலான வகை. முதலில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யும்போதே ஓர் இரகசிய எண் செயலிக்குள் வந்துவிடும். அதன்பின் அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரு பக்கமும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடைக்கு வரும். இலக்கங்களைத் தொலைபேசிக்கு யாரும் அனுப்புவதில்லை. சிக்னல் விழாத வயல் கரையிலும் செயலி சரியாக வேலை செய்வது அதனால்தான். கவலைப்பட வேண்டியது வேறொன்று: அந்தத் தொலைபேசி யாருடையது? கனடாவுக்குப் போகப்போகிறவருடையது என்றால், அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இன்னொரு சாதனத்தையும் பதிந்துவைக்க வேண்டும். ஒரு பயனருக்கு எட்டு வரை பதியலாம்.

சரி, ரூட்டைப் பூட்டிவைத்தாயிற்று. மற்றவர்களுக்கு என்ன வழி? இதைக் கவனிப்பதுதான் ஐஏஎம் என்ற பகுதி. கூகிள், மைக்ரோசொஃப்ட் கிளவுட்களிலும் வேறு பெயர்களில் இதே ஏற்பாடு உண்டு. ஆளை அடையாளம் காண்பது ஒரு வேலை, அவர் கேட்டதைச் செய்ய விடலாமா என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைத்து எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று தீர்மானிப்பார்கள். ஆளை எல்லோருக்கும் தெரியும், காணியும் அவருடையதுதான். ஆனாலும் அந்தப் போகத்தில் பங்கு இல்லையென்றால் அவர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது. கடவுச்சொல் சரியாக இருப்பதும் அந்த அளவுதான். பங்கை எழுதிவைக்கும் இடம் அனுமதி ஆவணம்.

அந்த ஆவணம், ஜேசன் என்ற வடிவில் பெயரும் மதிப்புமாகச் சில வரிகள் எழுதிய கோப்பு. ஆலைக் கணினிக்கென்று ஒரு பயனரை உண்டாக்கி எழுதுவதானால் இப்படி இருக்கும். விளைவு: அனுமதி. செயல்: கோப்பு இடுதல். வளம்: இன்ன பக்கெட்டில் 'துண்டுகள்' என்ற பகுதிக்குள் இருக்கும் எதுவும். அவ்வளவுதான். பக்கெட் என்பது கிளவுடில் கோப்புகளைப் போட்டுவைக்கும் கொள்கலன். வாசிக்க அனுமதி இல்லை, அழிக்க அனுமதி இல்லை, வேறு பக்கெட்டைத் தொட அனுமதி இல்லை. விரும்பினால் நிபந்தனையும் சேர்க்கலாம்: இன்ன ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து) வந்தால் மட்டும் என்று. நமது சாதாரண இணைய இணைப்புகளில் அந்த முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே அதை நம்பி இறங்க முடியாது.

இங்கே இரண்டு இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். கோப்பு இடும் அனுமதி என்பது, அதே பெயரில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் எழுதும் அனுமதியும்தான். அழிக்க முடியாத கணினி ஒரு வெற்றுக் கோப்பை மேலே போட்டுப் பழைய துண்டை இல்லாமல் செய்துவிடலாம். அதற்குப் பக்கெட்டில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியை இயக்க வேண்டும். இன்னொன்று, கோப்புகளைப் பட்டியலிடுவது பக்கெட்டின்மேல் செய்யும் செயல், கோப்பை எடுப்பது கோப்பின்மேல் செய்யும் செயல். வளத்தின் பெயரை ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றது ஏன் மறுக்கப்படுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அப்புறம் எரிச்சலில் செயலுக்கும் வளத்துக்கும் நட்சத்திரக் குறி போட்டுவிடுவார்கள். உடனே எல்லாம் வேலை செய்யும். 'எதையும், எதன்மீதும்' என்பதுதான் அந்தக் குறியின் பொருள். வேலை செய்யாமல் எப்படி இருக்கும்!

ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் கணக்கில் பொருந்தும் ஆவணங்கள் எல்லாம் புதிதாக வாசிக்கப்படும். எதிலும் அனுமதி இல்லையென்றால் பதில் மறுப்பு. எங்காவது அனுமதி இருந்தால் நடக்கும். ஆனால் ஏதாவது ஓர் ஆவணத்தில் வெளிப்படையாக 'மறு' என்று எழுதியிருந்தால், வேறு பத்து இடத்தில் அனுமதி இருந்தும் பயனில்லை. ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்குமேல் அதிகாரம் கொடுக்கக் கூடாது என்ற கொள்கையை சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும் 1975இலேயே எழுதிவைத்தார்கள். கிளவுட் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

ஆலைக் கணினி தன்னை எப்படி நிரூபிக்கிறது? அதனிடம் ஓர் அணுகல் சாவியும் அதற்கு இணையான இரகசியச் சாவியும் இருக்கும். இரகசியச் சாவி ஒருபோதும் இணையத்தில் போவதில்லை. கோரிக்கையையும் நேரத்தையும் சேர்த்து அந்தச் சாவியால் ஒரு கையொப்பத்தைக் கணக்கிட்டு அதை மட்டும் அனுப்பும். அந்தப் பக்கமும் அதே கணக்கைச் செய்து ஒப்பிடும். நடுவில் யாராவது பிடித்துவைத்துப் பிறகு அனுப்பினால் நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அமேசானின் கோப்புச் சேமிப்பில் பதினைந்து நிமிடத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் மறுத்துவிடும். பற்றரி வலுவிழந்த பழைய கணினியில் கரண்ட் போய்வந்த பிறகு கடிகாரம் அரை மணி பின்தங்கி நிற்கும்போது, சாவி சரி, அனுமதி சரி, ஆனாலும் ஒரு துண்டும் ஏறாது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இந்தச் சாவிகளின் குணமே அவை தாமாகக் காலாவதியாகாது என்பதுதான். நிரலுக்குள் எழுதிவைத்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டால், அதற்கென்றே தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் எடுத்துக்கொண்டு, கிரிப்டோ நாணயம் தோண்ட உங்கள் செலவில் சேர்வர்களை, அதாவது கிளவுடில் ஓடும் வாடகைக் கணினிகளை, திறக்கும். சாவியை எப்படிக் காப்பாற்றுவது என்று நிறையப் பேர் யோசிக்கிறார்கள். நான் சொல்வது, சாவியே இல்லாமல் முடியுமா என்று முதலில் பாருங்கள்.

முடியும். அதற்குத்தான் ரோல் என்ற ஏற்பாடு. ரோலுக்குக் கடவுச்சொல்லும் கிடையாது, நிரந்தரச் சாவியும் கிடையாது. யார் அதை அணியலாம் என்று ஓர் ஆவணம், அணிந்தவர் என்ன செய்யலாம் என்று இன்னோர் ஆவணம். அணியும்போது தற்காலிகச் சாவிகள் கிடைக்கும். வழக்கமாக ஒரு மணி நேரம், விரும்பினால் பதினைந்து நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை. குழுவின் சேர்வர் அமேசானிலேயே ஓடினால் அதற்கு ஒரு ரோலைக் கொடுத்துவிடலாம். சாவிகள் தாமாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும், நிரலில் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

பிறகு ஆலைக் கணினியிடமிருந்த சாவியையும் எடுத்துவிடலாம். துண்டு ஏற்ற வேண்டுமென்று அது குழுவின் சேர்வரிடம் கேட்கும். சேர்வர் தன் ரோலைக்கொண்டு, அந்த ஒரு கோப்புப் பெயருக்கு மட்டும், ஐந்து நிமிடம் மட்டும் செல்லும் ஓர் இணைய முகவரியைக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுக்கும். கணினி அதற்குக் கோப்பை அனுப்பிவிடும். யாராவது ஆலைக்குள் புகுந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கிளவுட் சாவி என்று ஒன்றும் அதில் இராது. சேர்வரில் அந்தக் கணினியின் பதிவை இரத்துச் செய்தால் போதும்.

ரோல் வைத்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடக் கூடாது. 2019இல் கப்பிட்டல் வன் வங்கியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரின், கனடாவில் 60 இலட்சம் பேரின் தகவல் போனது. பிழையாக அமைக்கப்பட்ட ஒரு தடுப்பு மென்பொருள் வழியாக உள்ளே இருந்த சேர்வரின் தற்காலிகச் சாவிகளை ஒருவர் கேட்டு வாங்கிவிட்டார். சாவி தற்காலிகம்தான். ஆனால் அந்த ரோலுக்குத் தேவைக்கு மிஞ்சிய பக்கெட்டுகளைப் பட்டியலிட்டு வாசிக்கும் அதிகாரம் இருந்தது. அவ்வளவும் போக அந்தக் கொஞ்ச நேரம் போதும். அதே ஆண்டு நவம்பரில், சேர்வர் தன் சாவிகளைக் கேட்கும் முறையை அமேசான் இறுக்கியது.

இனி ஆட்கள் போவதைப் பற்றி. வன்னியில் நல்ல நிரலாளர் ஒருவர் இரண்டு மூன்று வருடத்தில் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போவது அதிசயமில்லை. பிரியாவிடை வைப்பார்கள், படம் எடுப்பார்கள். அவருடைய பயனர் கணக்கு அப்படியே கிடக்கும். பயனர்கள் எல்லோரையும், அவர்களின் சாவிகள் கடைசியாக எப்போது பயன்பட்டன என்பதையும் ஓர் அட்டவணையாக ஐஏஎம்மிலேயே இறக்கிப் பார்க்கலாம். போனவருடைய சாவியை எடுத்தவுடன் அழிக்க வேண்டாம், முதலில் செயலிழக்கச் செய்யுங்கள். எந்த மூலையில் எந்த நிரல் அதை நம்பி ஓடுகிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். அழித்த சாவி திரும்பி வராது.

அவர் ஒரு ரோலை அணிந்தபடி போயிருந்தால்? பயனரை நீக்கினாலும் ஏற்கெனவே வாங்கிய தற்காலிகச் சாவி அதன் நேரம் முடியும்வரை செல்லும். அதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வழியில்லை. அதனால் ரோலின்மேல் ஒரு மறுப்பு ஆவணம் ஒட்டப்படும்: இந்த நொடிக்கு முன் வழங்கப்பட்ட சாவியோடு வரும் எந்தக் கோரிக்கையையும் மறு. அனுமதி எத்தனை இடத்தில் இருந்தாலும் மறுப்பு மேலே நிற்கும் என்பதால் பழைய சாவிகள் எல்லாம் ஒருசேரச் செத்துவிடும். சேர்வர் அதற்குப்பின் வாங்கும் சாவிகளுக்கு ஒன்றும் ஆகாது.