திங்கட்கிழமைக் காதுகள்

சனி, ஞாயிறுகளில் பெங்களூரில் பெரிய கச்சேரி ஏதாவது நடந்திருந்தால் எனக்குத் திங்கட்கிழமை காலையில் தெரிந்துவிடும். பேப்பர் பார்க்க வேண்டியதில்லை, கிளினிக் பெஞ்சைப் பார்த்தால் போதும். வழக்கமாக எழுபது வயதுக்காரர்கள் உட்காரும் அந்த பெஞ்சில் இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

"மேடம், காதுல கொய்ங்னு ஒரு சத்தம். நேத்து ராத்திரியில இருந்து நிக்கவே இல்ல."

"கச்சேரியில எங்க நின்னீங்க?"

"ஸ்டேஜுக்கு முன்னாடியே மேடம். ஸ்பீக்கர்ல இருந்து பத்தடி."

இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை தெரியும். அந்த இடத்துக்கு டிக்கெட் விலையும் மற்ற இடங்களைவிட அதிகம். காதைக் கெடுத்துக்கொள்ளக் கூடுதலாகக் காசு கொடுத்திருக்கிறான் பிள்ளை.

நான் ஆடியாலஜிஸ்ட். காது டாக்டரா என்று கேட்பார்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் காதுக்கு வந்த நோயைப் பார்ப்பார். காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது என் வேலை. படித்தது மைசூர் மானசகங்கோத்ரி வளாகத்தில். வளர்ந்தது அல்சூரில், ஒரு டிரம்மரின் மகளாக. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் படிப்பைவிட அந்த இரண்டாவது விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

அப்பா பகலில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், ராத்திரியில் ஆர்கெஸ்ட்ராவில் டிரம்ஸ். எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்து இருபது வருடம் வாசித்தார். அல்சூர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் எனத் தமிழர் இருக்கும் பக்கமெல்லாம் திருவிழா என்றால் மேடை உண்டு. கோலார் தங்கவயலில் சுரங்கக் குடியிருப்புகளில் வாசித்துவிட்டு மாரிக்குப்பம் ரயிலில் விடியற்காலையில் திரும்புவார். அப்போது ரசிகர்களுக்குக் கம்பத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் நான்கு, அதோடு ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர். பின்வரிசைக்கு வரும்போது பாட்டு தேய்ந்துபோயிருக்கும். கூட்டத்தின் காது அதனால் பிழைத்தது. மேடையில் இருந்தவர்கள் கதை வேறு. அப்பாவின் இடது கைப்பக்கம் ஹை-ஹாட் தட்டு, அதற்கு ஒட்டினாற்போல, வாசிப்பவருக்குக் கேட்பதற்காக மேடையிலேயே வைக்கும் ஸ்பீக்கரான மானிட்டர் பாக்ஸ். இன்று அவருடைய இடது காது வலது காதைவிட மோசம். வலது கைப் பழக்கமுள்ள டிரம்மர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். காது எந்த ஒலியை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான ஆடியோகிராமை மட்டும் கொடுத்தால்கூட, இவர் என்ன வாத்தியக்காரர் என்று சில சமயம் ஊகிக்க முடியும்.

கண்டோன்மெண்ட் பக்கம் இன்னொரு வரலாறு ஓடியது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பன் பார்க் பேண்ட் ஸ்டாண்டில் ராணுவ பேண்ட் வாசித்தது. மைக் கிடையாது, மரத்தடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அப்புறம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் டான்ஸ் பேண்டுகள், கல்லூரி விழாக்களில் மாணவர் ராக் குழுக்கள். 1989-ல் ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் பெக்கோஸ் பப் திறந்தபோது, பீரும் பழைய ராக் பாட்டும் சேர்ந்தால்தான் பெங்களூர் என்று ஒரு தலைமுறையே நம்ப ஆரம்பித்தது. 1996 முதல் ஆகஸ்ட் 15 அன்று ஃப்ரீடம் ஜாம் என்று இலவசக் கச்சேரி நடந்தது. அதே வருடம் தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் குழு தொடங்கியது; 2003-ல் கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் சேர்த்து அகம் குழு வந்தது. (ஆபேரி ராகத்தை டபுள் பேஸ் டிரம்மோடு கேட்டு என் மாமா ஒருவர் எழுந்து போய்விட்டார். அவர் காதுக்கு அது நல்லதுதான்.)

உலகப் பெயர்கள் வரத் தொடங்கியதும் ஊரின் நடுவே இருக்கும் அரண்மனை மைதானம்தான் எல்லாவற்றுக்கும் களம். 2003 ஏப்ரல் 4 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கே மழையில் வாசித்தார்கள். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், ஜூனில் ஏரோஸ்மித். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா. அதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டிய அவர்களுடைய கச்சேரி நின்றுபோய்க் கூட்டம் மேடையை உடைத்தது. பெங்களூரில் எல்லோரும் சமர்த்தாக நின்று கேட்டார்கள் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறோம்.

ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்கு நானும் போனேன். மைசூரில் படித்துக்கொண்டிருந்த காலம். காலையில் வகுப்பில் 'இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு' பற்றிப் பாடம் எடுத்திருந்தார்கள். சாயங்காலம் பஸ் ஏறிப் பெங்களூர் வந்து, தொப்பலாக நனைந்து, பாக்ஸ் பக்கமாகவே நின்றேன். இரண்டு நாள் காதில் சில்வண்டு கத்தியது. பரீட்சையில் அதே கேள்வி வந்தபோது நன்றாக எழுதினேன். அதனால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வராது.

சரி, அந்தச் சில்வண்டு எங்கிருந்து வருகிறது?

உட்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஒலியை நரம்புக்குக் கைமாற்றிவிடும் மயிர்ச்செல்கள், ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். தோல் செல் போனால் வேறு முளைக்கும். இவை போனால் போனதுதான், மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. பேரொலியில் முதலில் களைத்து மடங்கும். அப்போதுதான் காது அடைத்த மாதிரி இருக்கும், இரைச்சல் கேட்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். "சரியாப் போச்சு மேடம்" என்று ஃபோன் வரும்.

சரியாகப் போச்சா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். 2009-ல் பாஸ்டனில் எலிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். பேரொலிக்குப் பிறகு கேட்கும் திறன் அளவில் பழைய நிலைக்கு வந்துவிட்டது, மயிர்ச்செல்களும் இருந்தன. ஆனால் செல்லிலிருந்து நரம்புக்குப் போகும் இணைப்புகளில் பாதி வரை அழிந்திருந்தன. மனிதரிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. என்னிடம் வருபவர்களில், ஆடியோகிராம் சுத்தமாக இருந்தும் "ஹோட்டல்ல நாலு பேர் பேசினா ஒண்ணும் புரியல" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர்களிடம் "ஒண்ணுமில்ல, போங்க" என்றுதான் சொல்லி அனுப்பினேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

இழப்பு ஆடியோகிராமில் தெரிய ஆரம்பிக்கும்போது, 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பக்கம் பள்ளம் விழும். அங்கிருந்து அது பரவப் பரவ உயிரெழுத்து கேட்கும். ச, ஸ, ஷ போன்ற சீறும் ஒலிகள் நழுவும். வீட்டில் "சாவி எங்கே?" என்றால் "ஆவி எங்கே?" என்று காதில் விழும். எங்கள் வீட்டில் இது நிஜமாகவே நடந்தது. சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

எவ்வளவு சத்தம் தாங்கும் என்பதை நான் ரேஷன் கார்டு வைத்துத்தான் சொல்வேன். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியாஷ், வேலைநாள் ஒன்றுக்குக் கொடுக்கும் ரேஷன் 85 டெசிபலில் (சத்தத்தை அளக்கும் அலகு) 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 94-ல் ஒரு மணி, 97-ல் அரை மணி, 100-ல் 15 நிமிடம், 103-ல் ஏழரை நிமிடம். ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ராக் கச்சேரியின் முன்வரிசையில் 100-ஐத் தாண்டுவது சகஜம். நீளமான ஒரு கிட்டார் சோலோ முடிவதற்குள் அன்றைய ரேஷன் காலி. தினமும் வேலை செய்பவருக்காகப் போட்ட கணக்கு இது. வருடத்துக்கு ஒரு கச்சேரி போனால் செவிடாகிவிடுவோம் என்று அர்த்தமில்லை. ஆனால் இன்றைய பெங்களூர்ப் பிள்ளைக்கு வெள்ளி பப், சனி கச்சேரி, ஞாயிறு ஜிம், நடுவில் சில்க் போர்ட் டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் இயர்ஃபோன். எல்லாம் ஒரே கார்டில்தான் பதிவாகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பாக்ஸ்கள் மாறிவிட்டன. அப்பா காலத்துக் கூம்பு ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். 1992-ல் பிரான்ஸின் எல்-அக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முறைக்குப் பிறகு மேடையின் இரண்டு பக்கமும் வாழைத்தார் மாதிரி வரிசையாகத் தொங்குகிறதே, அந்த லைன் அரேயில் குறிப்பிட்ட தூரம் வரை 3 டெசிபல்தான் குறையும். கடைசி வரிசைக்கும் பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று செய்த அருமையான வேலை அது. சத்தமும் கூடவே கடைசி வரிசைக்குப் போய்விட்டது. "நான் பின்னாடிதான் நின்னேன்" என்பது இப்போது பெரிய சமாதானம் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் 75-ஐத் தாண்டக் கூடாது. எல்லாமே மதிலுக்கு வெளியே அளப்பது. பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தூக்கத்துக்கு எண் இருக்கிறது, டிக்கெட் வாங்கி உள்ளே நிற்கும் பேரனின் காதுக்கு அந்த விதிகளில் எண் இல்லை. 2018-ல், மேடை இசைக்குப் போலீஸ் உரிமம் வேண்டும் என்ற ஆணையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு இந்திராநகர் பப்புகள் பலவற்றில் மேடை இசை நின்றது. ஊரெல்லாம் அதைப் பற்றிச் சண்டை போட்டோம், லைசென்ஸ் பற்றி, பார்க்கிங் பற்றி, அக்கம்பக்கத்தார் பற்றி. உள்ளே இருக்கும் காது பற்றி ஒரு வரி பேசவில்லை. 2025 பிப்ரவரியில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒற்றை கிட்டாரோடு பாடியபோது போலீஸ்காரர் வந்து வயரைப் பிடுங்கினார். அந்த வார இறுதியில் நைஸ் மைதானத்தில் நடந்த பெரிய கச்சேரிகளுக்கு முறைப்படி அனுமதி இருந்தது. என் டெசிபல் மீட்டருக்கு இந்த நகைச்சுவை புரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அரங்குகளுக்கென்று ஒரு தரம் வெளியிட்டது. 15 நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அதை அங்கேயே அளந்துகொண்டிருக்க வேண்டும், வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், ஒதுங்கி நிற்க அமைதியான ஓர் இடம் வேண்டும். இந்த ஊர் பப் ஒன்றின் மேலாளரிடம் இதைக் காட்டினேன். "மேடம், சவுண்ட் கம்மி பண்ணா பீர் விக்காது" என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

அதனால் இப்போதைக்கு நம் காது நம் பாக்கெட்டில்தான். மெடிக்கல் ஷாப்பில் நுரையால் செய்த இயர் பிளக் ஒரு காபி விலைக்குள் கிடைக்கும். போடுகிற விதம்தான் முக்கியம். விரலால் உருட்டி மெல்லிய திரி மாதிரி ஆக்குங்கள். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, திரியை உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். முக்கால்வாசிப் பேர் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். பருத்திப் பஞ்சு உதவாது. பாட்டு மந்தமாகிறது என்று குறைப்பட்டால், எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவாகக் குறைக்கும் இசைக்கலைஞர் பிளக் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட. 2015-ல் ஆம்ஸ்டர்டாமில் 51 பேரை நாலரை மணி நேரத் திறந்தவெளி விழாவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள், சராசரி 100 டெசிபல். பிளக் போடாத காதுகளில் 42 சதவீதம் தற்காலிகமாக மந்தமாயின. போட்ட காதுகளில் 8 சதவீதம்.

தோளில் குழந்தையை உட்காரவைத்துக் கச்சேரிக்கு வரும் அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. குழந்தைக்கு இயர்மஃப் போடுங்கள், இல்லையென்றால் பாட்டியிடம் விட்டுவிட்டு வாருங்கள். 2025 ஜனவரியில் கோல்ட்ப்ளே அகமதாபாத் வந்தபோது, காதுப் பாதுகாப்பு இல்லாமல் குழந்தைகளை விடக் கூடாது என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு நோட்டீஸ் கொடுத்தது. அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினே தனக்குக் காதில் இரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியிருப்பவர்.

கச்சேரி முடிந்து காது கொய்ங் என்றால் அன்றிரவும் மறுநாளும் அதற்கு ஓய்வு. கேபில் ஏறியதும் அதே பாட்டை இயர்ஃபோனில் போடாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் பரிசோதனைக்கு வாருங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று செத்த மாதிரி ஆகிவிட்டால் இரண்டு நாளெல்லாம் காத்திருக்காமல் அன்றே காது மருத்துவரிடம் ஓடுங்கள். அதற்கு மருந்து உண்டு, ஆனால் நாள் கடந்தால் பலன் குறையும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

போன சித்திரையில் அல்சூர் பூப்பல்லக்கு பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருமுனையில் ஒரு ஆர்கெஸ்ட்ரா. வாழைத்தார் பாக்ஸ் இங்கேயும் வந்துவிட்டது. அப்பா காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நான் நீட்டிய பிளக்கை, "போன காதுக்குப் பூட்டா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொண்டார். டிரம்மர் பையனின் மணிக்கட்டையே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஸ்னேர் அடி தாளத்துக்குப் பின்னாடி விழுது!" என்றார். முன்னால் நின்ற நாலு வரிசையும் திரும்பிப் பார்த்தது.