ஒப்படர்த்தி: 'குறிப்பிட்ட ஈர்ப்பு' என்று எழுதுவதை நிறுத்துங்கள்

"சாற்றின் குறிப்பிட்ட ஈர்ப்பு விசை 1.090 இருக்க வேண்டும்." வீட்டில் ஒயினோ பியரோ செய்யும் முறையைத் தமிழில் சொல்லும் குறிப்புகளில் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. சிலர் 'குறிப்பிட்ட புவியீர்ப்பு' என்றும் எழுதுகிறார்கள். யார் குறிப்பிட்டது? எதை எது ஈர்க்கிறது? ஈர்ப்பு விசை என்றால் நியூட்டன் கணக்கில் ஓர் அலகு வேண்டும். இந்த 1.090க்கு அலகே கிடையாது.

மூலச்சொல் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி. கிராவிட்டாஸ் என்றால் இலத்தீனில் கனம், பாரம். நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கை 1687இல் அச்சேறுவதற்கு முன்பே அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் இருந்தது. ஸ்பெசிஃபிக் என்றால் ஓர் இனத்துக்கே உரியது. ஆக, ஒரு பொருளுக்கே உரிய கனம். அளக்கும் முறை இன்னும் எளிது: அதே கன அளவுள்ள தண்ணீரைப்போல அந்தப் பொருள் எத்தனை மடங்கு கனம் என்று பார்க்கிறோம். தண்ணீர் 1.000. சாறு 1.090 என்றால், தண்ணீர் ஒரு கிலோ பிடிக்கும் பாத்திரத்தில் சாறு 1 கிலோ 90 கிராம் பிடிக்கும். அவ்வளவுதான்.

இதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திலேயே 'ஒப்படர்த்தி' இருக்கிறது. ஒப்பு, அடர்த்தி: தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி. அளக்கும் கருவிக்கு நீர்மமானி, பாலுக்கென்றே பால்மானி. பத்தாம் வகுப்பு முடித்தவருக்குத் தெரிந்த சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, அகராதியில் ஸ்பெசிஃபிக்குக்கு முதலில் கிடைத்த 'குறிப்பிட்ட' என்பதை எடுத்து ஒட்டுவதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைக்க முடியாது.

இலங்கைப் பக்கம் வழங்கும் 'தன்னீர்ப்பு' இதைவிட எவ்வளவோ மேல். ஸ்பெசிஃபிக் என்பதற்குத் 'தன்' என்று எடுத்ததில் நல்ல மொழியறிவு இருக்கிறது; தன்வெப்பம் என்ற சொல்லும் அப்படிப் பிறந்ததுதான். ஆனால் பின்பாதியில் அதே ஈர்ப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. காதால் கேட்டால் 'தண்ணீர்' என்று வேறு மயங்கும். 'தன்னெடை' என்றும் சிலர் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். எடை என்றதும் தராசுதான் மனத்தில் வரும், தண்ணீரோடு ஒப்பிடுகிறோம் என்பது வராது. பேட்டரி கடைக்காரர் ஆசிட்டை மானியில் உறிஞ்சிப் பார்த்து "கிராவிட்டி இறங்கிடுச்சு" என்கிறார். அதில் எனக்குக் குறையே இல்லை. அவர் சொல்வது அவருக்கும் புரிகிறது, வண்டிக்காரருக்கும் புரிகிறது. தமிழ் எழுத்துகளில் எழுதிவிட்டதாலேயே தமிழாகிவிடும் என்று நினைக்கும் 'குறிப்பிட்ட ஈர்ப்பு' யாருக்கும் புரிவதில்லை.

தூய்மைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சொல் தவறினால் கணக்கும் தவறும். இனிப்பு மிகுந்த சாறு 1.110 காட்டுகிறது, அதில் அதே அளவு தண்ணீர் கலக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஈர்ப்பு' என்று படித்தவர் பாதிக்குப் பாதி 0.555 என்று போட்டுவிடுவார். ஒப்படர்த்தி என்று படித்தவருக்குத் தண்ணீரே 1.000 என்பது சொல்லிலேயே தெரியும். நீர்த்துக் குறைவது 1.000க்கு மேல் நிற்கும் 110 மட்டும்தான். அது பாதியானால் 55, கலவை 1.055.

இதையே கொஞ்சம் நீட்டலாம். 5 லிட்டர் சாறு 1.110இல் இருக்கிறது, 1.090க்கு இறக்க வேண்டும். 5 × 110 = 550. அதை 90ஆல் வகுத்தால் 6.1 லிட்டர். சுமார் 1.1 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் போதும். (சாற்றின் புளிப்பும் கூடவே நீர்த்துப்போகும், அதைத் தனியே சரிசெய்ய வேண்டும்.) ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் எக்ஸ்லே பெயரால் வழங்கும் அளவு இந்த மேல்மிச்சத்தையே எண்ணுகிறது: 1.090 என்பது அங்கே 90 எக்ஸ்லே.

நொதித்து முடிந்த ஒயினில் இன்னொரு வேடிக்கை. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால் சர்க்கரை தீர்ந்த ஒயின் 0.994 என்று தண்ணீருக்குக் கீழே இறங்கி நிற்கும். அதில் தண்ணீர் சேர்த்தால் எண் 1.000ஐ நோக்கி ஏறும். 'தண்ணீர் சேர்த்தால் ஈர்ப்பு கூடும்' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் தலையைச் சொறிவார். ஒப்படர்த்தி கூடும் என்றால் குழப்பமே இல்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மானியை உயரமான குடுவையில் மிதக்கவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாருங்கள். குமிழ் ஒட்டியிருந்தால் அது மானியைத் தூக்கிக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். சாறு சூடாக இருந்தால் குறைத்துக் காட்டும். பல மானிகள் 20 டிகிரிக்கென்று அளவிடப்பட்டவை. இதையெல்லாம் கையால் செய்து பார்த்தவர் 'விசை' என்று எழுத மாட்டார். செய்யாமல் வாக்கியத்தை மட்டும் மாற்றுகிறவர்தான் எழுதுகிறார், ஆல்கஹால் கணக்கில் போய் முட்டிக்கொள்ளும் வாசகரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆரம்ப ஒப்படர்த்தி 1.090, இறுதி ஒப்படர்த்தி 0.996, வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 12.3 சதவீதம் என்று எழுதினால் எந்த வாசகருக்கும் விளங்கும்.