கப்பல் எப்போது கிளம்பும் என்று கேட்பவர்களுக்கு

மாதம் பிறந்தால் முதல் வாரத்திலேயே அந்தப் பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். கொரோனா ஊரடங்கு நாள்களில் போனில் அழைத்தவர், பஸ் ஓடத் தொடங்கியதும் நேரிலேயே வருகிறார். ஜவுளிக்கடைத் துணிப்பைக்குள் ஒரு நீல ஃபைல். அதில் இரண்டு பாஸ்போர்ட் நகல்கள், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் பால்கனி அறைக்கான முன்பதிவுத் தாள், முழுப் பணமும் கட்டிய ரசீது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்த பரிசு அது. பயண நாள் 2020 மார்ச் 29. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "கப்பல் எப்போது கிளம்பும், தம்பி?"

ஏப்ரலில் கேட்டபோது ஜூன் என்றேன். ஜூனில் செப்டம்பர் என்றேன். இரண்டும் நானாகச் சொன்னவை அல்ல, கப்பல் நிறுவனம் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தவை. ஆனால் அவர் நிறுவனத்தின் பேச்சை நம்பவில்லை, என் பேச்சை நம்பினார். பதினான்கு ஆண்டுகளாகப் பயண முகவராக இருக்கும் நான் அந்தத் தேதிகளை விசாரிக்காமல் அப்படியே கடத்தியது தவறு. அந்தத் தவறிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். 2020 டிசம்பரில் இதை எழுதும்போதும் விடுமுறைக் கப்பல் விளம்பரங்கள் எல்லோருடைய போனுக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

விளம்பரத்தில் இருக்கும் தேதி, நிறுவனம் டிக்கெட் விற்பதற்காகக் குறித்த தேதி. அரசாங்கம் அனுமதி கொடுத்த தேதி அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அமெரிக்காவைப் பாருங்கள். 2020 மார்ச் 13 அன்று கப்பல் நிறுவனங்கள் தாமாகவே 30 நாள் நிறுத்தம் என்றன. மறுநாளே அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி தடை உத்தரவு போட்டது. அது ஏப்ரலில் நீண்டது, ஜூலையில் நீண்டது, செப்டம்பர் கடைசியில் மறுபடியும் நீண்டது. ஒவ்வொரு முறையும் நிறுவனங்கள் அடுத்த தேதியை அறிவித்து முன்பதிவு வாங்கின. அக்டோபர் 30 அன்று தடை நீங்கியது என்று செய்தி வந்ததும் என் போன் ஓயவில்லை. உத்தரவைப் படித்தால் கதை வேறு. முதலில் ஊழியர் அனைவருக்கும் பரிசோதனை. கப்பலுக்குள்ளேயே ஆய்வு வசதி. நோயாளிகளை இறக்குவதற்கும் தனிமைப்படுத்துவதற்கும் துறைமுகத்தோடும் கரையிலுள்ள மருத்துவமனைகளோடும் முன்கூட்டியே ஒப்பந்தம். பிறகு தன்னார்வலர்களை ஏற்றி ஒத்திகைப் பயணம். அதற்குப் பிறகுதான் சான்றிதழ், அதுவும் ஏழு நாள்களுக்கு மிகாத பயணங்களுக்கு. உத்தரவு வந்த சில நாள்களிலேயே, 2020இல் இனி அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பயணம் இல்லை என்று நிறுவனங்களின் சங்கமே சொல்லிவிட்டது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கோபப்படுகிறவர்கள் டைமண்ட் பிரின்சஸ் என்ற கப்பலை நினைத்துப் பார்க்க வேண்டும். ஜனவரி 25 அன்று ஹாங்காங்கில் இறங்கிப்போன ஒரு பயணிக்குத் தொற்று இருந்தது பிப்ரவரி முதல் தேதி தெரியவந்தது. கப்பல் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள், சரி. ஆனால் அந்த அறைகளுக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோனது யார்? ஊழியர்கள். அவர்கள் வேலை முடிந்து கீழ்த்தளத்தில் ஒரே அறையில் சேர்ந்து படுத்தார்கள், ஒரே கூடத்தில் சாப்பிட்டார்கள். முதலில் நோய் கண்ட ஊழியர்களில் பெரும்பாலோர் உணவுப் பிரிவில் வேலை செய்தவர்கள். கப்பலின் மொத்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள், நம் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. உள்ளே இருந்தபடி அவர்கள் போனில் பதிவு செய்து அனுப்பிய வேண்டுகோள்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோமே.

அடுத்த மாதம் சிட்னியில் ரூபி பிரின்சஸ். மார்ச் 19 அன்று சோதனை முடிவு வருவதற்குள் சுமார் 2,700 பயணிகளை இறங்கிப் போகவிட்டார்கள். அந்தக் கப்பலோடு தொடர்புடைய மரணங்கள் 28. யோகோஹாமாவில் வெளியே விடாமல் வைத்ததால் வந்த கேடு, சிட்னியில் வெளியே விட்டதால் வந்த கேடு. எந்தத் துறைமுக அதிகாரி இனிமேல் யோசிக்காமல் கையெழுத்துப் போடுவார்?

வெஸ்டர்டாம் கப்பலில் தொற்று உறுதியாகவே இல்லை. அப்படியிருந்தும் பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என்று ஒவ்வொரு கரையும் கதவைச் சாத்த, கடைசியில் கம்போடியாதான் இடம் கொடுத்தது. கப்பல் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிட முடியும். ஆனால் திரும்பி வந்து சேர ஒரு கரை சம்மதிக்க வேண்டும். நான்கு நாடுகளைத் தொடும் பயணம் என்றால் நான்கு நாடுகளும் ஒரே சமயத்தில் சம்மதிக்க வேண்டும்.

பெரியவர் இந்த மாதம் வந்தபோது போனை என் முன்னால் நீட்டினார். சிங்கப்பூரில் வசிக்கும் உறவினர் குடும்பம் கப்பலின் மேல்தளத்தில் நின்று எடுத்த படங்கள். "இதோ ஓடுகிறதே, தம்பி. நம்முடையது மட்டும் ஏன் ஓடவில்லை?" நியாயமான கேள்வி. அவர் குரலில் என்மேல் லேசான சந்தேகமும் இருந்தது.

சிங்கப்பூரில் 2020 நவம்பர் 6 முதல் வேர்ல்டு டிரீம் என்ற கப்பல் ஓடியது, டிசம்பர் முதல் தேதியிலிருந்து குவாண்டம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பல் ஓடியது. ஆனால் அவை எந்த ஊருக்கும் போகவில்லை. கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏறிய துறைமுகத்துக்கே திரும்பின. பாதி இடங்களுக்கு மேல் நிரப்ப அனுமதி இருக்கவில்லை. சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டுமே ஏற முடிந்தது. நம் நாட்டிலிருந்து வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் நின்றிருந்தன. இந்தியச் சுற்றுலாப் பயணியைச் சிங்கப்பூர் உள்ளேயே விடவில்லை. ஆகவே அவர் உறவினர் போனதும் உண்மை, அவரால் போக முடியாததும் உண்மை.

அங்கேயும் என்ன நடந்தது? டிசம்பர் 9ஆம் தேதி, குவாண்டம் கப்பலில் 83 வயதுப் பயணி ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, கப்பலிலேயே சோதித்ததில் தொற்று என்று காட்டியது. கப்பல் உடனே திரும்பியது. எல்லோரும் மணிக்கணக்கில் அறைக்குள் அடைபட்டார்கள். கரையில் மறுபடியும் சோதித்தபோது தொற்றே இல்லை. நல்லவேளை. ஆனால் விடுமுறை போனது போனதுதான். கரீபியன் கடலில் சீட்ரீம் 1 என்ற சிறிய கப்பல், ஏறுமுன் எல்லோரையும் சோதித்துத்தான் நவம்பரில் கிளம்பியது. சில நாள்களிலேயே தொற்று தலைகாட்டியது. இத்தாலியில் 2020 ஆகஸ்ட் முதல் ஓடிய எம்எஸ்சி கிராண்டியோசா என்ற கப்பலில், நேப்பிள்ஸில் இறங்கிய ஒரு குடும்பம் வழிகாட்டியின் கூட்டத்தை விட்டு விலகிப் போனதற்காக மறுபடியும் கப்பலில் ஏற்றப்படவில்லை. இனிக் கப்பல் விடுமுறை என்பது சில காலத்துக்கு இப்படித்தான் இருக்கும். கிளம்புவது ஒரு கேள்வி. கிளம்பினால் அது நீங்கள் ஆசைப்பட்ட பயணமாக இருக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

இனி பணம். என்னிடம் வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

பயத்தில் நீங்களே முதலில் ரத்து செய்துவிடாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் அபராதம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால் பொதுவாகப் பணத்தைத் திருப்பித் தரவோ, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் கிரெடிட் தரவோ வேண்டிவரும். கட்ட வேண்டிய மீதித் தொகைக்கு ஒரு கடைசி நாள் உண்டு, பெரும்பாலும் பயணத்துக்கு 60 முதல் 90 நாள்களுக்கு முன். முடிவெடுக்க வேண்டிய நாள் அதுதான். அதற்கு முன் அனுமதி வந்திருக்கிறதா என்று உங்கள் முகவரை எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள்.

"பணம் வேண்டுமா, 125 சதவீத கிரெடிட் வேண்டுமா?" என்று கேட்டால், அந்தக் கூடுதல் 25ஐப் பார்த்து மயங்க வேண்டாம். கிரெடிட் எந்தத் தேதி வரை செல்லும்? பிள்ளைகள் பெயருக்கு மாற்ற முடியுமா? துறைமுக வரிக்கு அதைக் கழிக்க விடுவார்களா? பயன்படுத்தாவிட்டால் பணமாகக் கிடைக்குமா? என் பெரியவருக்கு ஏப்ரலில் வந்த மின்னஞ்சலில், பதினைந்து நாள்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று கடைசிப் பத்தியில் சிறிய எழுத்தில் இருந்தது. அது அவருடைய மகனின் பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க் கிடந்தது. நாங்கள் பார்த்தபோது பதினெட்டாம் நாள்.

நிறுவனமே மூழ்கினால் கிரெடிட்டும் வெறும் தாள். மும்பையிலிருந்து 2019இல் மக்கள் ஆசையாக ஏறிச் சென்ற கர்ணிகா என்ற கப்பல், அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்டதால், 2020 இறுதியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைபடப் போய்ச் சேர்ந்தது. ஆகவே முழுத்தொகையை முன்கூட்டியே கட்டாதீர்கள். கட்டுவதானால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும். பயணக் காப்பீட்டை நம்பியிருப்பவர்கள் விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். நான் படித்த பாலிசிகள் பலவற்றில் பெருந்தொற்றால் பயணம் ரத்தானால் இழப்பீடு இல்லை. 2020 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 5 சதவீதம் வரி வேறு முன்கூட்டியே பிடிக்கத் தொடங்கினார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் ரசீதைத் தொலைக்க வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ள மூத்தவர்களை அழைத்துப்போக நினைக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். கப்பலில் மருத்துவர் இருப்பார், சிறிய சிகிச்சை அறையும் இருக்கும். அது மருத்துவமனை ஆகாது. நடுக்கடலில் மூச்சுத் திணறினால் கரை வரும் வரை அவ்வளவுதான். பிரிட்டனில் 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். நம் பெற்றோர் கையிலும் அது ஏறட்டும், பிறகு பார்க்கலாம்.

பெரியவருக்கு நான் இந்த முறை மாதம் எதுவும் சொல்லவில்லை. தெரியாது என்றேன். ஒரு நிமிடம் ஃபைலின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்டில் கேட்டால் என்ன சொல்ல?" என்றார். கிரெடிட் 2021 டிசம்பர் 31 வரை செல்லும் என்பதைக் காட்டினேன். பணமாகத் தரும்படி இருவரும் சேர்ந்து அங்கேயே ஒரு கடிதம் எழுதினோம், அவர் கையெழுத்துப் போட்டார். அனுப்பி ஒன்பது நாளாகிறது. பதில் இன்னும் வரவில்லை.