நெறி கட்டாத மாடும் நோயைச் சுமக்கும்

மாட்டுக்குக் கழுத்தடியில் நெறி கட்டிப் பெருத்துவிட்டது. ஒரு கண் வெளியே பிதுங்குகிறது. தீனி எடுக்காமல் நாளுக்கு நாள் மெலிகிறது. மாட்டு இரத்தப் புற்றுநோய் என்றதும் கால்நடைப் பாடநூல்கள் காட்டும் படம் இதுதான். இந்த நிலைக்கு வந்துவிட்ட மாட்டைக் காப்பாற்ற மருந்து கிடையாது. ஆனால் நோயைக் கட்டுப்படுத்த நினைப்பவர் இந்த ஒரு மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார். இது ஒரு வைரஸால் வரும் நோய். அந்த வைரஸ் தொற்றிய நூறு மாடுகளில் கட்டி வருவது ஐந்துக்கும் குறைவு. ஏறக்குறைய முப்பது மாடுகளுக்கு இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கூடி நிற்கும், அவ்வளவுதான். மீதி எல்லாம் பார்வைக்கு நல்ல மாடுகள். கன்று ஈனும், பால் கறக்கும், கூடவே தொற்றையும் பரப்பும்.

இந்த வைரஸ் அவ்வளவு ஆழமாக ஒளிந்துகொள்ளும். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் நோயுற்ற மாடுகளின் வெள்ளையணுக்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார்கள். பீன்ஸ் விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்து அணுக்களைத் தூண்டிய பிறகுதான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் துகள்கள் தென்பட்டன. மாட்டின் உடலில் இருக்கும்வரை அது துகளாக வெளியே வருவது அரிது. இது ஒரு ரெட்ரோவைரஸ். ‘பி லிம்போசைட்’ என்னும் வெள்ளையணுவுக்குள் நுழைந்து, தன் மரபுச் செய்தியை டிஎன்ஏவாக மாற்றி, அந்த அணுவின் டிஎன்ஏவிலேயே செருகிவிடுகிறது. அப்புறம் அந்த அணு பிளவுபடும்போதெல்லாம் வைரஸும் சேர்ந்தே பெருகுகிறது. பல ஆண்டுகள் கழித்து அப்படிப் பெருகிய அணுக்களில் ஏதோ ஒன்று கட்டுப்பாடு இழந்தால், அதுதான் கட்டி. இதயம், நான்காம் இரைப்பை, கருப்பை, தண்டுவடம் என எங்கும் வரலாம். தண்டுவடத்தில் வந்தால் பின்னங்கால்கள் விழுந்துவிடும்.

ஒருமுறை செருகிக்கொண்ட வைரஸ் சாகும்வரை போகாது. நோயறிதலுக்கு இதுவே பெரிய உதவி. பல நோய்களில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால் ‘எப்போதோ வந்துபோனது’ என்றும் பொருள்கொள்ளலாம். இங்கே அப்படியில்லை, எதிர்ப்பொருள் இருக்கிறது என்றால் வைரஸ் இப்போதும் இருக்கிறது. அதனால் எதிர்ப்பொருளைத் தேடும் எலிசா சோதனை நன்றாகவே வேலை செய்கிறது. இரத்தத்தில் மட்டுமல்ல, பாலிலும் பார்க்கலாம். பண்ணைத் தொட்டியில் கலந்த பாலை எடுத்துச் சோதித்தால், அந்தப் பண்ணைக்குள் நோய் நுழைந்திருக்கிறதா என்று ஒரே மாதிரியில் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால் மூன்று இடங்களில் இந்தச் சோதனை தடுமாறும். தொற்றிய முதல் சில வாரங்களில் எதிர்ப்பொருள் உருவாகியிருக்காது. ஈனும் காலத்தை ஒட்டித் தாயின் எதிர்ப்பொருள் சீம்பாலுக்காக மடியில் இறங்கிவிடுவதால் இரத்தத்தில் அளவு குறைந்து, தொற்றுள்ள மாடு நல்ல மாடாகத் தெரியலாம். அந்தச் சீம்பாலைக் குடித்த கன்றோ, தொற்றே இல்லாமல் ஆறு மாதம் வரைகூடத் தொற்றுள்ளதாகத் தெரியலாம். சின்னக் கன்றுக்கு வைரஸின் டிஎன்ஏவையே தேடும் பிசிஆர்தான் சரி. எலிசா முடிவை மட்டும் நம்பி நல்ல கன்றைக் கழித்துவிடுவது வேதனையான பிழை.

சரி, எப்படிப் பரவுகிறது? மூச்சினால் அல்ல. தொற்றிய வெள்ளையணு ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டின் உடலுக்குள் போக வேண்டும். வெள்ளையணு மிகுந்த மாடாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தமே போதும். குதிரை ஈ போன்ற கடிக்கும் ஈக்கள் கொஞ்சம் கடத்துகின்றன. தாய் வயிற்றிலேயே சில கன்றுகளுக்கு வருகிறது, பாலிலும் வருகிறது. எனக்கு அதிகம் உறுத்துவது மற்ற வழிகள்தான்: ஒரே ஊசியை வரிசையாகப் பல மாடுகளுக்குப் போடுவது, கொம்பு அறுக்கும் கருவியைக் கழுவாமல் அடுத்த கன்றுக்கு எடுப்பது, காதுவில்லை குத்தும் இடுக்கி, சினை பார்க்கும்போது மாற்றாத கையுறை. நல்ல எண்ணத்தோடு மாட்டைக் கவனிக்கும் மனிதரின் கையே இதைப் பெருமளவு சுமந்து போகிறது. ஊசியையும் கையுறையையும் மாட்டுக்கு மாடு மாற்றுவதும், சீம்பாலைச் சூடாக்கியோ உறையவைத்தோ கன்றுக்குக் கொடுப்பதும் பெரிய செலவில்லை. பாலைக் காய்ச்சினால் இந்த வைரஸ் அழிந்துவிடும்.

டென்மார்க் இதில் முன்னோடி. வைரஸ் இன்னதென்று தெரியாத காலத்திலேயே, வெள்ளையணுக்களை எண்ணி, மாட்டின் வயதோடு ஒப்பிட்டு, சந்தேகப் பண்ணைகளை அங்கே பிரித்தார்கள். பிரிட்டன் 1999இல் நோயற்ற நாடு என்ற தகுதியைப் பெற்றது. நியூசிலாந்தின் பால் பண்ணையாளர்கள் 1996இல் தொடங்கி, பால் மாதிரிகளைச் சோதித்துத் தொற்றுள்ள மாடுகளைக் கழித்து, 2008 வாக்கில் பால் மந்தைகளிலிருந்து நோயை நீக்கினார்கள். தொற்று குறைவாக இருக்கும்போதே இறங்கியதால் முடிந்தது. அமெரிக்காவில் 2007இல் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 84 பால் பண்ணைகளில் தொற்று இருந்தது. ஜப்பானில் 2009–11 ஆய்வில் பால் மாடுகளில் ஏறக்குறைய 41 சதவீதத்துக்குத் தொற்று. இவ்வளவையும் கழித்தால் பண்ணையே மிஞ்சாது.

அங்கேதான் கேள்வியே மாறுகிறது. ‘தொற்று இருக்கிறதா’ என்பதை விட ‘எவ்வளவு இருக்கிறது’ என்பது முக்கியமாகிறது. பிசிஆர் மூலம் எத்தனை வெள்ளையணுக்களில் வைரஸ் செருகியிருக்கிறது என்று அளக்கலாம். மாட்டுக்கு மாடு இது வெகுவாக வேறுபடும். பரப்புவதில் பெரும்பங்கு அளவு மிகுந்த சில மாடுகளுடையது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் மூன்று பால் பண்ணைகளில் அந்தச் சில மாடுகளை மட்டும் முதலில் கழித்துப் பார்த்தார்கள். புதிய தொற்றுகள் குறைந்தன. சில மாடுகளுக்கோ, ஒரு குறிப்பிட்ட நோயெதிர்ப்பு மரபணு வகை இருப்பதால், வைரஸ் தொற்றினாலும் அளவு மிகக் குறைவாகவே நிற்கிறது. இவற்றைக் கழிக்க வேண்டாம் என்பதோடு, கொட்டகையில் தொற்றுள்ள மாடுகளுக்கும் நல்ல மாடுகளுக்கும் நடுவே வேலி போல நிறுத்தலாம் என்ற யோசனையும் இருக்கிறது. ஈ ஒன்று தொற்றுள்ள மாட்டைக் கடித்துவிட்டுத் தாவினால், பக்கத்தில் நிற்கும் இந்த வேலி மாட்டின் மேல்தான் முதலில் உட்காரும்.