அணுகுண்டைப் படம் பிடித்த அசையாத ஷட்டர்

கல்முனைப் பக்கம் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: அணுகுண்டுப் பரிசோதனையில் பத்து, ஒன்பது என்று எண்ணிவந்து கடைசியில் ஒருவர் பொத்தானை அமத்துவாரா?

இல்லை. 1945 ஜூலை 16இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் பரிசோதனையிலேயே கடைசி 45 செக்கனைத் தானியங்கி நேரக்கருவியிடம் விட்டுவிட்டார்கள். டொனால்ட் ஹோர்னிக் என்ற இளம் விஞ்ஞானி சுவிச்சில் கை வைத்துக் காத்திருந்தது வெடிக்க வைப்பதற்கல்ல, ஏதும் பிழைத்தால் நிறுத்துவதற்கு. (நேரம் பார்த்துக் கிணறு வெட்டும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: அன்று அதிகாலை 4 மணிக்கு இருந்ததை 5.30க்குத் தள்ளியது மழை, பஞ்சாங்கம் அல்ல.)

கருவி ஏன் எண்ண வேண்டும்? அதிவேகக் கமராவில் பிலிம் சுருள் ஓடி வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் வேண்டும், முந்தித் தொடங்கினாலோ வெடிக்குமுன்பே சுருள் தீர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் நேரத்தில் வயர் வழியாகத் தனிச் சமிக்ஞை போகும். சரி, அதுவரை ரிலே (சமிக்ஞை வந்ததும் தானாக இயங்கும் மின்சுவிச்) போதும். ஆனால் வெடித்த முதல் மில்லிசெக்கனுக்குள் தீக்கோளம் பல மீற்றர் வளர்ந்துவிடுகிறதே, அதைப் பிடிக்க எந்தத் தகட்டு ஷட்டர் அந்த வேகத்தில் திறந்து மூடும்?

இங்கேதான் அமெரிக்க மின்பொறியியலாளர் ஹரோல்ட் எட்ஜர்ட்டனும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய ரப்பட்ரோனிக் கமரா வருகிறது. எனக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. அதன் ஷட்டரில் அசையும் பாகமே கிடையாது. முனைவாக்கத் தகடு என்பது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் போகவிடும் தகடு; அந்தத் தளம்தான் ஒளியின் முனைவுத் தளம். அப்படி இரண்டைக் குறுக்காக வைத்தால் ஒளி போகாது, இருட்டு. நடுவில் ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். சுருளில் மின்துடிப்பு பாயும்போது காந்தப்புலம் உண்டாகி, கண்ணாடிக்குள் போகும் ஒளியின் முனைவுத் தளத்தைத் திருப்பிவிடும், ஒளி நுழைந்துவிடும்; துடிப்பு முடிந்ததும் மறுபடி இருட்டு. 1845இல் ஃபரடே கண்டுபிடித்த விளைவுதான் இது! திறந்திருப்பது சில மைக்ரோசெக்கன். துடிப்பைத் தொடக்குவதும் மனிதர் அல்ல, குண்டின் ஒளியே ஒளிமின்கலத்தில் பட்டுத் தொடக்குகிறது. ஒரு கமராவுக்கு ஒரே படம் என்பதால் பல கமராக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தாமதம் கொடுத்தார்கள்.

1952இல் நெவாடாவில் எடுத்த படங்களில் தீக்கோளத்தின் அடியில் முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். குண்டை ஏற்றி வைத்த கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பிகள் அவை, தீ வந்து தொடுமுன்பே அதன் ஒளியிலேயே ஆவியாகிக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு மூளையும் பணமும் குண்டுக்குப் போனதில் எனக்குக் கோபம்தான். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பாடசாலை ஆய்வுகூடத்துக்கு முனைவாக்கத் தகடு இரண்டு வாங்க என்ன செலவு வந்துவிடப்போகிறது? கிடைக்கும்வரை, தம்பி, போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றை மெல்லத் திருப்பிப் பாருங்கள்.