தூக்கத்தில் கை ஓங்குபவரைக் கவனியுங்கள்

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர், வயது எழுபது. மறதியோ கை நடுக்கமோ இல்லை. "நல்லாத் தூங்குறேன் சார்" என்றார். கூட வந்த அவர் வீட்டம்மா கையைத் திருப்பிக் காட்டினார்; வளையல் உடைந்து கீறிய தழும்பு. "விடியக்காலம் ஆனா ‘புடிங்கடா அவனை’ன்னு கத்துறாரு. விலக்கப் போனா அடி எனக்குத்தேன்." ஐயாவின் புஜத்தில் புதுத் தாயத்து. முனி அடித்துவிட்டதென்று இரண்டு வருஷமாக மந்திரிக்கிறார்கள். ஐயாவைக் கேட்டால், கனவில் ஆடு திருட வந்தவனை விரட்டினாராம்.

கனவு காணும் ‘ரெம்’ தூக்கத்தில் மூளைத்தண்டு நம் கைகால்களைக் கட்டிப்போட்டுவிடும். அந்தக் கட்டு அவிழ்ந்தால் கனவில் ஓங்கிய கை நிஜமாகவே விழும். இதை ‘ரெம் தூக்க நடத்தைக் கோளாறு’ என்கிறோம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் வரலாம். ஆனால் வயதானவர்கள் பலருக்கு இது கை நடுங்கி நடை தளரும் பார்க்கின்சன் நோய்க்கும், அதன் உறவான லூயி பாடி மறதி நோய்க்கும் பல வருஷம் முன்பே வரும் அறிகுறி.

"வயசானா தூக்கம் அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறும். வயதானால் தூக்கம் லேசாகும், சீக்கிரம் விழிப்பு வரும், சரிதான். ஆனாலும் 65 தாண்டியவருக்கும் 7, 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். எலிகள் தூங்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவிலுள்ள இடம் சுமார் 60 சதவீதம் விரிந்து, மறதி நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதக் கழிவு வேகமாக வெளியேறுவதை 2013இல் கண்டார்கள். பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. 50, 60, 70 வயதுகளில் ஆறு மணி நேரமோ குறைவாகவோ தூங்கிவந்தவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதல். தூக்கம் கெட்டு மூளை பாதிப்பதும் உண்டு, மூளை பாதித்துத் தூக்கம் கெடுவதும் உண்டு.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி விழிப்பவரையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மெடிக்கலில் தூக்கத்துக்கென்று கேட்டு வாங்கும் அரிப்பு மாத்திரை பெரியவர்களைக் குழப்பத்தில் தள்ளும், கீழே விழவைக்கும். தூக்க மாத்திரை நெடுநாளாகப் போடுபவர்கள் மட்டும் திடீரென நிறுத்தாதீர்கள்.

ஐயாவுக்கு மாத்திரைக்கு முன்னால் நான் சொன்னது, கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட வேண்டும், தலைமாட்டு அரிவாளை எடுத்துவிட வேண்டும். காத்துக்கருப்பு அண்டாமலிருக்க வைத்ததாம். தாயத்து இருக்கட்டும், அரிவாள் வேண்டாம் என்றேன்.

ஆறு மாதத்துக்கொரு முறை வருகிறார். நடையைப் பார்ப்பேன். வாசனை மங்குவதும் இந்த நோய்களுக்கு முன்னால் வருவதுண்டு என்பதால் அதையும் கேட்பேன். போன தடவை அம்மா தன் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி அவர் மூக்கருகே நீட்டினார். கண்ணை மூடி இழுத்து மோந்தவர் அம்மாவைப் பார்த்தார். "பூவா அது?"