மூன்று ஏக்கர் கண்ணாக்காட்டைச் சட்டம் காக்குமா? பரப்பளவு வரம்புகள் பற்றிய விளக்கம்

வாவிக்கரையில் ஒரு துண்டுக் கண்ணாக்காடு (அலையாத்திக் காடு), ஊருக்குப் பின்னால் ஒரு வில்லு (மழைக்காலத்தில் நிரம்பும் ஆழமற்ற நீர்நிலை), கொக்குகள் அடையும் இரண்டு மருத மரங்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இப்படியான இடத்தைப் பாதுகாக்கக் கேட்டால், "இது மிகச் சிறிது, அறிவிக்க முடியாது" என்று பதில் வருவதுண்டு. இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை.

1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சரணாலயத்துக்குக் குறைந்தபட்சப் பரப்பு எதையும் விதிக்கவில்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசத்துக்கும் அப்படித்தான். தேசிய பூங்காக்களின் பரப்பே பெரிதும் வேறுபடும்: மாதுறு ஓயா 58,850 ஹெக்டேயர், லகுகல-கித்துலான 1,554 ஹெக்டேயர் மட்டுமே. தேசிய பூங்காவுக்கு அரச காணி வேண்டும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். உறுதிக்காணியும் அனுமதிப்பத்திரக் காணியும் கலந்து கிடக்கும் சிறிய இடங்களுக்கு இதுவே பொருத்தமான வழி.

அப்படியானால் "மிகச் சிறிது" என்பவர்கள் காட்டும் 1 ஹெக்டேயர், 4 ஹெக்டேயர் என்ற வரம்புகள் எங்கிருந்து வந்தன? 1993 ஜூன் 24 ஆம் திகதிய 772/22 இலக்க வர்த்தமானியிலிருந்து. 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்புவது, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீர்வாழ் உயிரின வளர்ப்பு, 50 ஹெக்டேயருக்கு மேல் நிலத்தைத் துப்புரவாக்குவது ஆகியவற்றுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டு அனுமதி தேவை. நம் கணக்கில் 1 ஹெக்டேயர் 2.47 ஏக்கர், ஏறத்தாழ 395 பேர்ச். 4 ஹெக்டேயர் 9.88 ஏக்கர். இவை வேலைத்திட்டத்தின் அளவுகள். இயற்கை இடத்தின் தகுதியைக் குறிப்பவை அல்ல. இந்த இரண்டையும் குழப்புவதால்தான் பல நல்ல இடங்கள் கைநழுவிப் போகின்றன.

வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்பது இன்னொரு சிக்கல். 18 ஏக்கர் இறால் பண்ணையை இரண்டு பெயர்களில் 9 ஏக்கராகப் பிரித்தால், ஒவ்வொன்றும் 3.64 ஹெக்டேயர், தனித்தனியே பார்த்தால் வரம்பைத் தொடாது. ஒரே வாய்க்கால், ஒரே வீதி, ஒரே முதலீடு என்று காட்டக்கூடிய ஆதாரங்களை முறைப்பாட்டோடு இணைக்க வேண்டும். அதேவேளை, சரணாலய எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், அல்லது ஏதேனும் ஓரிடத்தில் 25 மீற்றருக்கு மேல் அகலமான பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் வந்தால், அந்த வர்த்தமானியின் முதற்பகுதியில் பட்டியலிடப்பட்ட திட்டங்களுக்கு, அவை எவ்வளவு சிறியவையானாலும், அனுமதி தேவை. ஆகவே பரப்பை அளக்கும் முன் தூரத்தை அளந்து பாருங்கள்.

கரையோர வலயம் தனி விடயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி அது கடற்கரையில் 300 மீற்றர் உள்நோக்கி வரும். கடலோடு நிரந்தரமாகவோ பருவத்துக்குப் பருவமோ இணையும் களப்புகளுக்கு முகத்துவாரத்திலிருந்து 2 கிலோமீற்றர் வரையும், 2011 திருத்தத்தின் பின் நீர்நிலையைச் சுற்றி 100 மீற்றர் வரையும் நீளும். அங்கு அபிவிருத்தி வேலைக்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை.

ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் பாதுகாக்க வேண்டிய இடங்களின் பட்டியல் தயாரிப்பவர்கள் தங்களுக்கென ஒரு வரம்பை வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் வேண்டாம். இங்கிலாந்தின் பழைய காடுகளின் பட்டியல் தொடக்கத்தில் 2 ஹெக்டேயருக்குக் குறைந்தவற்றைச் சேர்க்கவில்லை. பிறகு அந்த எல்லை கால் ஹெக்டேயராகக் குறைக்கப்பட்டது. மேய்ச்சல் தரவைக்கு 1 ஹெக்டேயர், கண்ணாவுக்குக் கால் ஹெக்டேயர் என்று தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து. பறவை அடையும் மரத்துக்கும், மீனினங்கள் வற்றலில் தஞ்சமடையும் மடுவுக்கும் பரப்பு கேட்கவே கூடாது.

வடிவத்தையும் பாருங்கள். 100 மீற்றர் சதுரமும் 10 மீற்றர் அகலத்தில் 1 கிலோமீற்றர் நீளும் பட்டையும் இரண்டுமே 1 ஹெக்டேயர். விளிம்பிலிருந்து 10 மீற்றரைக் கழித்தால் சதுரத்தின் உட்பகுதியில் 0.64 ஹெக்டேயர் மிஞ்சும். பட்டையில் எதுவும் மிஞ்சாது. பட்டை மதிப்பற்றதென்று இதற்குப் பொருளில்லை. அதைச் சுற்றியுள்ள நீரையும் கரையையும் எல்லைக்குள் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வில்லு நீர்நிலையை ஓகஸ்டில் அளந்தால் பாதிதான் தெரியும். வடகீழ்ப் பருவமழை முடியும் தறுவாயில், நீர் உயர்ந்து நிற்கும்போது தண்ணீரின் ஓரமாக நடந்து ஜிபிஎஸ் புள்ளிகளைப் பதிவுசெய்யுங்கள். வறட்சியில் இன்னொரு முறை போய்ப் புகைப்படம் எடுங்கள். பிரதேச செயலாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதும் கடிதத்தில் கிராம உத்தியோகத்தர் பிரிவு, காணியின் உரித்து, புள்ளிகளுடன் வரைபடம், கண்ட இனங்களும் திகதிகளும் இருக்கட்டும். "சுமார்" என்ற எல்லை வர்த்தமானிக்கு உதவாது. எல்லைக்கு நில அளவைப் படம் வேண்டும்.

பெரிய திட்டமொன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், அறிவித்தல் வந்த நாளிலிருந்து கருத்துச் சொல்ல 30 நாட்களே உண்டு. உங்கள் வரைபடம் அதற்கு முன்பே அலுவலகக் கோவையில் இருந்தால், அந்த இடத்தை "வெற்றுக் காணி" என்று எழுதும் அறிக்கைக்கு எழுத்தில் பதில் கொடுக்க முடியும்.